முட்டையோடு வரும் எமன்

ஓசூர், கிருஷ்ணகிரி என்றால் தொழிற்சாலைதானா? மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுவும் அங்கே உண்டு. புழு வளர்ப்போர் அஞ்சும் நோய் 'பெப்ரின்'. மிளகுத்தூள் தூவியதுபோல் புழுவின்மேல் கரும்புள்ளிகள்! தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கும் தொற்றும். அப்புறம் கூடு ஏது, காசு ஏது?

1865-ம் ஆண்டு இதை ஆராயத் தொடங்கிய பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் வழி கண்டார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார். கிருமி இருந்தால் முட்டையை அழித்துவிடு!

'நொசீமா' என்ற அந்தக் கிருமி எந்த இனம்? 1857-ல் பெயர் வைத்த நேகெலி, அதைக் காளான் கூட்டத்தில் சேர்த்தார். பின்வந்தவர்கள் அமீபாவும் மலேரியாக் கிருமியும் உள்ள 'புரோட்டிஸ்டு' கூட்டத்துக்கு மாற்றினார்கள். செடி, விலங்கு, காளான், பாக்டீரியா எதிலும் சேராதவற்றைப் போட்டுவைத்த கதம்பக் கூடை அது! 1990-களில் மரபணுவை ஒப்பிட்டபோது, நொசீமா காளானுக்கே உறவு என்று தெரிந்தது.

இனம் மாறினாலும், தாய்ப்பூச்சியை அரைத்துப் பார்க்கும் வேலை இன்றும் நிற்கவில்லை.