விரைவுச் சதுரங்கமும் தொடக்க அறிவும்

விரைவுச் சதுரங்கம் என்பது கைவேகத்தைச் சோதிக்கும் ஆட்டமெனப் பலர் எண்ணுவர். ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேலும் அறுபது நிமிடத்துக்குக் குறைவாகவும் நேரம் அளிக்கப்படும் இவ்வாட்டத்தில் உண்மையில் சோதிக்கப்படுவது, முன்னரே தேடிவைத்த அறிவாகும். இதற்கு 2004 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் நிகழ்ந்த ஓர் ஆட்டம் நல்ல சான்று.

வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தவன் நோர்வே நாட்டுச் சிறுவன் மக்னஸ் கார்ல்சன்; வயது 13. எதிரே இருந்தவர், அந்நாளில் தரவரிசையில் உலகின் முதல்வராய் விளங்கிய காரி காஸ்பரோவ்.

காஸ்பரோவ் கையாண்ட தொடக்கம் 'கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் தற்காப்பு' எனப்படும். சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1904 இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அப்பெயருடைய ஊரில் நடந்த போட்டியால் அதற்கு அப்பெயர் வழங்கலாயிற்று.

இதன் நுட்பம் யாதெனின், மூலைவாட்டில் ஓடும் வெள்ளை அமைச்சர் கறுப்புக் குதிரையை முடக்கிவைக்க, கறுப்பு அரசி ஆறாவது நகர்விலேயே பலகையின் ஓரத்துக்குப் பாய்கின்றாள். பின்னால் அரசி இல்லாமையால் கறுப்புக் குதிரை அக்கட்டினின்றும் விடுபடுகின்றது. அதே வேளை, வெள்ளை அரசனுக்கு எதிரே நிற்கும் குதிரை கட்டுண்டு போகின்றது. அது விலகினால் அரசன் தாக்குதலுக்கு உள்ளாவான். அடுத்துக் கறுப்பு அமைச்சரும் வந்து அக்குதிரையையே நெருக்குவார். தற்காப்பு என்று பெயர் பெற்றதாயினும், இது எதிர்த்தாக்குதலே ஆகும்.

கார்ல்சன் கலங்கவில்லை. தன் மற்றக் குதிரையைப் பின்வாங்கி, அரசனுக்கும் கட்டுண்ட குதிரைக்கும் இடையே நிறுத்தினான். பின்வாங்கலாகத் தோன்றிய அந்நகர்வு கட்டினை அவிழ்த்தது. ஆட்டம் வளர வளர, வெற்றி வாய்ப்பு சிறுவன் பக்கமே சாய்ந்தது.

ஆயினும் கற்ற வழி முடிந்தபின், ஒவ்வொரு நகர்வையும் ஓடும் கடிகாரத்தின் முன் புதிதாகத் தேடவேண்டும். அங்கே உலக முதல்வரின் அனுபவம் கைகொடுத்தது. ஆட்டம் 52 நகர்வுகளில் சமநிலையில் முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார்.

தொடக்க அறிவு நேரத்தைச் சேமித்துத் தரும். வெற்றியைத் தானே தராது. சேமித்த நேரத்தில் சிந்திக்கும் ஆற்றலே வெற்றியைத் தருவது. அவ்வாற்றலை வளர்த்துக்கொண்ட கார்ல்சன், 2013 இல் சென்னையில் விசுவநாதன் ஆனந்தை வென்று உலக வாகையர் ஆனார்.