வயிற்று அறுவைக்குப் பின் நுரையீரல் மீட்சி: மூச்சுப் பயிற்சியின் முறையும் காலமும்

திறவுச்சொற்கள்: உதரவிதானம், காற்றுநுண்ணறை, நுரையீரல் ஒடுக்கம், ஸ்பைரோமீட்டர், இயன்முறை மருத்துவம்

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை நுரையீரலைத் தொடுவதில்லை. ஆயினும் அதன்பின் நேரும் சிக்கல்களுள் நுரையீரல் சார்ந்தவை முதன்மையானவை. வயிற்று அறுவைக்குப் பின் நுரையீரல் மடல் ஒடுங்குவதை வில்லியம் பாஸ்டர் (லூயி பாஸ்டரினின்று வேறானவர்) 1910ஆம் ஆண்டிலேயே லான்செட் இதழில் விளக்கியுள்ளார்.

மேல்வயிற்றில் அறுவை நிகழ்ந்தபின் உதரவிதானத்தின் இயக்கம் அனிச்சையாகத் தடைபடுகிறது. இத்தடை ஒரு வாரம் வரையிலும் நீடிக்கலாம். வலியே மூச்சைக் குறுக்குகிறது என்னும் பொதுக்கருத்து பாதியளவே உண்மை. வலி நன்கு தணிந்த நோயாளியிடத்தும் உதரவிதானம் உடனே பழைய வலிமையைப் பெறுவதில்லை. மயக்க மருந்தின் விளைவு, மல்லாந்து கிடத்தல், இருமத் தயங்குதல் ஆகியனவும் சேரும்போது நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றுநுண்ணறைகள் மூடிக்கொள்கின்றன; சளி தேங்குகிறது; நிமோனியாவுக்கு வழி பிறக்கிறது.

பயிற்சி எளியது. நிமிர்ந்து அமர்ந்து, மெல்ல ஆழ மூச்சிழுத்து, 3 முதல் 5 நொடி நிறுத்திப் பின் விடுதல் வேண்டும். இந்நிறுத்தமே இன்றியமையாதது, திறந்த நுண்ணறைகளிலிருந்து மூடிய அண்டை நுண்ணறைகளுக்குக் காற்றுப் பரவ அது இடமளிக்கிறது. 10 மூச்சுகளுக்குப் பின், தையலின்மேல் தலையணையை அணைத்துப் பிடித்து இருமுதல் வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதனைச் செய்யுமாறு கற்பிப்பது வழக்கம்.

பந்துகள் மேலெழும் ஸ்பைரோமீட்டர் கருவியே பல மருத்துவமனைகளில் மூச்சுப் பயிற்சியின் மறுபெயராகிவிட்டது. எனினும், மேல்வயிற்று அறுவை தொடர்பான 12 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அக்கருவி நுரையீரல் சிக்கல்களைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று காணவில்லை. சான்றுகளின் தரமும் தாழ்ந்ததே.

கருவியைவிடக் கற்பிக்கும் காலமே முதன்மையானது எனக் கருத இடமுண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 441 நோயாளிகளிடம் நிகழ்த்தப்பெற்று, 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில் இரு பிரிவினர்க்கும் தகவல் கையேடு வழங்கப்பட்டது. ஒரு பிரிவினர்க்கு மட்டும் அறுவைக்கு முன்பே இயன்முறை மருத்துவர் 30 நிமிடம் நேரில் விளக்கிப் பயிற்றினார். நுரையீரல் சிக்கல் அப்பிரிவில் 12 விழுக்காடு. கையேடு மட்டும் பெற்ற பிரிவில் 27 விழுக்காடு. மயக்கம் தெளிந்து வலியோடும் கலக்கத்தோடும் கிடப்பவர்க்கு முதன்முறையாகக் கற்பிப்பதும், அவர் முன்பே பழகியதை நினைவூட்டுவதும் ஒன்றல்ல.

அவசர அறுவைக்கு வருவோர்க்கு இவ்வாய்ப்பு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. அன்னோர்க்குப் படுக்கையருகிலேயே பயிற்சி தொடங்குகிறது. விரைவில் எழுந்து அமர்தலும் நடத்தலும் அதனோடு சேர்கின்றன.