மண்ணிடம் கேட்டுச் செய்த வேலை

இத்தாலியின் பைசா நகரக் கோபுரம் சாய்ந்திருப்பது ஊரறிந்த செய்தி. அது விழாமல் காப்பாற்றப்பட்ட விதம்தான் போதிய அளவு பேசப்படவில்லை. முழு விவரமும் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு சிக்கலில் கைவைத்தாக வேண்டும் என்ற நிலையில் பொறியாளர் எப்படி யோசிக்கிறார் என்பதற்கு, அதைவிடத் தெளிவான சான்று எளிதில் கிடைக்காது. ஏறக்குறைய 14,500 டன் எடையுள்ள கட்டடம் அது. அடியில் மணல், வண்டல், அதற்கும் கீழே இளகிய களிமண். 1173இல் தொடங்கிய வேலை நடுவில் பல பத்தாண்டுகள் நின்றுபோனது. அந்த இடைவெளியில் களிமண் இறுகி வலுப்பெற்றது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அப்போதே சரிந்திருக்கும்.

மண்ணை முழுதாக அறிந்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு வந்தவர்களே கோபுரத்துக்கு அதிகத் தீங்கு செய்தார்கள். புதைந்து கிடந்த அடிப்பகுதியை வெளிக்காட்ட 1838இல் சுற்றிலும் பள்ளம் தோண்டினார்கள். நிலத்தடி நீர் புகுந்தது, சாய்வு கூடியது. அடித்தளத்தைக் கெட்டியாக்கலாம் என்று 1934இல் 361 துளைகள் போட்டு சிமெண்ட் கலவையைச் செலுத்தினார்கள். கோபுரம் தெற்கே இன்னும் சாய்ந்தது. இரண்டுமே ஒருமுறை செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாத காரியங்கள். கோளாறின் வேர் அங்கேதான் என்பேன்.

1989இல் பவியா நகரின் பழைய கோபுரம் ஒன்று இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் பைசா கோபுரத்தை மூடி, மிக்கேலே யமியோல்கோவ்ஸ்கி தலைமையில் ஒரு குழுவை அமர்த்தினார்கள். 1993இல் அவர்கள் வடக்குப் பக்கத்தில் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். சாய்வது நின்று, சற்றே நிமிரவும் செய்தது. இந்தக் குழுவும் தவறியது. ஈயத்துக்குப் பதிலாக நிலத்துக்குள் நங்கூரம் போட, 1995 செப்டம்பரில் திரவ நைட்ரஜனால் மண்ணை உறையவைத்தபோது, ஓராண்டில் சாயும் அளவைவிட அதிகமாக ஒரே இரவில் கோபுரம் சாய்ந்தது. அளவுக்கருவிகள் உடனே காட்டிக்கொடுத்ததால் வேலையை நிறுத்தி, மேலும் ஈயத்தை ஏற்றிப் பிடித்தார்கள். பழைய தவறுகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த உடனடித் திருத்தம்தான்.

பிறகு, 1962இல் பெர்னாந்தோ டெர்ராசீனா என்ற பொறியாளர் முன்வைத்த யோசனைக்குத் திரும்பினார்கள்: வடக்குப் பக்கத்து அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. முதலில் அருகிலேயே 7 மீட்டர் விட்டமுள்ள ஒரு மாதிரி அடித்தளம் கட்டிச் சோதித்தார்கள். அடுத்து, கோபுரத்துக்கு எஃகுக் கேபிள்களைக் கட்டிவிட்டு, 1999இல் பன்னிரண்டு துளைகளோடு தொடங்கினார்கள். சாய்வாக இறங்கும் குழாய்க்குள் திருகு சுழன்று சில வாளி மண்ணை மேலே கொண்டுவரும். குழாயைப் பின்னிழுத்ததும் அந்தச் சிறு பள்ளத்தை மேல்மண் மெல்ல அமுங்கி மூடும். அளவீடுகளைப் பார்த்த பிறகே அடுத்த தோண்டல்.

பதினோரு வருடம் இழுத்தடித்தார்கள் என்பது ஒரு குறை. எட்டு நூறு வருடச் சுமைக்கு அது நீண்ட காலமல்ல. கனமான ஆட்சேபம் வேறு: இளகிய மண் மெதுவாக எச்சரித்தது, எச்சரிக்காமல் உடையும் பொருளில் இந்த வழி எப்படி உதவும்? உதவாது. பார்த்துப் பார்த்துத் திருத்தும் இந்த முறைக்கு 1969இல் இலக்கணம் வகுத்த ரால்ப் பெக்கே, வேலையின் நடுவில் திட்டத்தை மாற்ற முடியாத இடத்தில் இதைக் கையாளக்கூடாது என்றார். அப்படிப்பட்ட இடத்தில் முதல் வேலை, தவறினாலும் தாங்கும்படி ஓர் இடைவெளியை உண்டாக்குவது. மாதிரி அடித்தளமும் கேபிள்களும் அதற்காகத்தான் வந்தன.

2001 டிசம்பரில் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது. சாய்வு சுமார் அரை பாகை குறைந்து, உச்சி நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பியிருந்தது. அதற்குள் ஈயத்தை இறக்கிவிட்டார்கள். கேபிள்களுக்குத் தாங்கிப் பிடிக்கும் வேலை கடைசிவரை வரவில்லை.