விலை கூடிய லென்ஸ் போட்டால் அருவியில் குளிக்கலாமா?

கழற்றி வைக்காவிட்டால் கண்ணுக்கே ஆபத்து!

தென்காசி, ஜூலை 12-

குற்றாலத்தில் சாரல் களைகட்டி இருக்கிறது. தென்காசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வாலிபர் ஒருவர் வந்தார்.

"அண்ணாச்சி, கண்ணாடியோட அருவியில நிக்க முடியல. விலை கூடின காண்டாக்ட் லென்ஸா குடுங்க. கழட்டாமலே குளிச்சிருதேன்" என்றார்.

"தம்பி, எந்த லென்ஸும் அருவிக்கு ஆகாது" என்றார் கடைக்காரர்.

வாலிபருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்று மலிவு, இன்னொன்று விலை அதிகம். பிறகு வித்தியாசம் எதில்தான் இருக்கிறது?

விவரம் வருமாறு:-

சைக்கிள் டைனமோவில் பிறந்தது

மென்மையான லென்சைக் கண்டுபிடித்தவர் செக்கோஸ்லோவாகியா நாட்டு ரசாயன விஞ்ஞானி ஓட்டோ விக்டெர்லே. 1961-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், குழந்தைகளின் விளையாட்டு சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் பூட்டி, வீட்டிலேயே மெஷின் செய்து லென்ஸ் வார்த்தார். 1971-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

'ஹெமா' என்ற பிளாஸ்டிக்கில் செய்தது அது. காய்ந்தால் கட்டி. ஊறினால் மெத்தென்று ஆகிவிடும். அதன் எடையில் 38 சதவீதம் தண்ணீர்தான். இந்த ரகத்துக்கு 'ஹைட்ரோஜெல்' என்று பெயர்.

கண்ணுக்கும் மூச்சு வேண்டும்

நம் கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய பிராண வாயு, காற்றில் இருந்து கண்ணீர் வழியாகப் போகிறது. லென்ஸ் போடுவது அதன் மேல் மூடி போடுகிற மாதிரி. காற்று போதாவிட்டால் கண் சிவக்கும், கருவிழி வீங்கும். நாளடைவில் அதற்குள் ரத்தக்குழாய்கள் ஊடுருவும்.

ஹைட்ரோஜெல்லில் பிராண வாயு, லென்சில் உள்ள தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும். தண்ணீர் அதிகமானால் காற்றும் அதிகம். ஆனால் அதிகத் தண்ணீர் உள்ள லென்ஸ், பஸ் ஜன்னல் காற்றிலும் ஏ.சி. அறையிலும் சீக்கிரம் உலரும். கண் உறுத்தும்.

1999-ல் 'சிலிக்கன் ஹைட்ரோஜெல்' கடைக்கு வந்தது. இதில் காற்று சிலிக்கன் வழியாகவே பாயும். தண்ணீர் குறைவாக இருந்தாலும் பிராண வாயு பல மடங்கு போகும். விலை கூடுவது இதற்குத்தான். காலையில் போட்டு இரவு கழற்றுகிறவர்களுக்கு இது நல்லது. நாலைந்து மணி நேரம் மட்டும் போடுகிறவர்களுக்கு ஹைட்ரோஜெல்லே போதும் என்று டாக்டர் சொல்லலாம்.

சிலிக்கனுக்கும் ஒரு குறை உண்டு. எண்ணெய்ப் பசை அதில் சட்டென்று ஒட்டும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் கவனிக்க வேண்டும்!

அருவித் தண்ணீரில் என்ன இருக்கிறது?

ஆறு, குளம், குழாய் எல்லாத் தண்ணீரிலும் 'அகந்தமீபா' என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரி இருக்கலாம். லென்சில் ஒட்டிக்கொண்டு கருவிழியை அரிக்கும். லென்ஸ் போடாதவர்களுக்கும் சேறு, அழுக்குத் தண்ணீர் பட்டு இந்த நோய் வருவது உண்டு. லென்ஸ் போட்டவர்களுக்கு, கிருமி கண்ணிலேயே தங்கிவிடுவதால் ஆபத்து கூடுதல். மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். முற்றினால் கருவிழியையே மாற்ற நேரிடும்.

இதில் மலிவு, விலை கூடியது என்ற பேதம் கிடையாது. சில சிலிக்கன் லென்சுகளில் இந்தக் கிருமி அதிகமாக ஒட்டுகிறது என்று சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அதோடு, உப்பில்லாத நல்ல தண்ணீர் பட்டால் லென்ஸ் கண்ணோடு இறுகிவிடும். ஐந்தருவி விழுகிற வேகத்தில் அடித்துக்கொண்டு போனாலும் போய்விடும்.

என்ன செய்யலாம்?

குளிக்கும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, லென்சைக் கழற்றுங்கள். அதற்கான மருந்துத் தண்ணீரில் மட்டும் வையுங்கள். குழாய்த் தண்ணீரும் எச்சிலும் கூடவே கூடாது. டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். லென்சோடு தூங்காதீர்கள்.

தெரியாமல் நனைந்துவிட்டால் உடனே கழற்றுங்கள். தினசரி லென்ஸ் என்றால் வீசிவிடுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் மருந்துக்கடையில் கேட்டு சொட்டு மருந்து விடாதீர்கள். ஸ்டீராய்டு மருந்து நோயை முற்றவைக்கும். அன்றே கண் டாக்டரிடம் ஓடுங்கள், லென்சையும் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது.

கடைசியில் வாலிபர் கேட்டார்: "லென்ஸ் இல்லாம அருவி மங்கலாத் தெரியுமே அண்ணாச்சி?"

"குளிக்கத்தானல போற? அருவி மங்கலாத் தெரிஞ்சாலும் தண்ணி தலையிலதான் விழும். கண்ணு மங்கிப் போச்சுன்னா என்ன செய்வ?" என்றார் கடைக்காரர்.