மருந்து கலந்த நீர்

மூட்டுவலிக்கு ஒரு மாத்திரையை விழுங்குகிறோம். வலி தீர்ந்ததும் அதனை மறந்துவிடுகிறோம். ஆனால், மருந்தின் கதை அங்கே முடிந்துவிடுவதில்லை. உண்ட மருந்தில் ஒரு பகுதி உடலினின்றும் வெளியேறிச் சாக்கடையை அடைகிறது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களில் நுண்ணுயிர்களே பெரும்பணி புரிகின்றன. உணவுக் கழிவையும் மலத்தையும் அவை உண்டு தீர்க்கின்றன. ஆயினும், வலி நீக்கும் டைக்ளோபினாக், வலிப்பு நோய்க்குரிய கார்பமாசிபைன் போன்றவற்றை அவை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. ஆற்றில் சேரும் அளவு சிறிதுதானே என்று எண்ணலாகாது. மீனுக்கு அந்நீரே உலகம். இரவும் பகலும் அதிலேயே அது மூச்சுவிட வேண்டும்.

இந்நுண்மாசுகளை அழிக்கச் சுவிட்சர்லாந்து நாட்டார் ஓசோனைத் துணைக்கொண்டனர். ஓசோனைக் கண்டறிந்து 1840-இல் பெயரிட்டவரும் அந்நாட்டுப் பாசெல் நகரில் பேராசிரியராக விளங்கிய ஷோன்பைன் என்பவரே. அதன் மணத்தைக் கொண்டே அவர் அதனை அறிந்தார். ஆக்ஸிஜன் மூலக்கூறில் அணுக்கள் இரண்டு, ஓசோனிலோ மூன்று. மூன்றாவது அணு நிலைகொள்ளாது, பிற பொருளோடு கூட விரைகிறது. அவ்வாறு கூடுதலை ஆக்ஸிஜனேற்றம் என்பர். விறகு எரிவதும் இரும்பு துருப்பிடிப்பதும் இவ்வினையே. கார்பமாசிபைன் மூலக்கூறில் இரு கரியணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கட்டுண்ட இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தை ஓசோன் தாக்கிப் பிளக்கிறது.

எல்லா மருந்துகளும் இவ்வாறு எளிதில் இணங்கிவிடுமா? ஊடுகதிர்ப் படம் எடுக்குமுன் உடலில் செலுத்தும் அயோடின் கலந்த மருந்து ஓசோனுக்கு அசைவதில்லை. ஓசோன் நீரில் சிதையும்போது தோன்றும் ஹைட்ராக்ஸில் என்னும் துணுக்கே அங்கு உதவுகிறது. அதன் வாழ்நாள் கண்ணிமைப் பொழுதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இராது. அதற்குள் எதிர்ப்பட்டதை எல்லாம் தாக்கும். அதுவே அதன் குறையுமாகும். மருந்தை விட்டுவிட்டு, நீரிலுள்ள பிற பொருள்கள்மீது தன் வலிமையைச் செலவிட்டுவிடும்!

சூரிக் நகரை அடுத்த டூபென்டார்ஃப் ஊரில் 2014-இல் இம்முறை முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. தேர்ந்தெடுத்த நிலையங்கள் நுண்மாசுகளில் நூற்றுக்கு 80 பங்கை நீக்க வேண்டும் என்னும் விதி 2016-இல் பிறந்தது. செலவுக்காக ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 9 பிராங்குக்கு மிகாத கட்டணமும் அப்போது விதிக்கப்பட்டது.

எனினும், மருந்து துண்டாகிறதேயன்றி மறைந்துபோவதில்லை. ஆகவே, ஓசோன் கலந்த நீரை மணற்படுகை வழியே செலுத்துகின்றனர். அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அத்துண்டுகளுள் சிலவற்றை உண்கின்றன. வேறோர் அச்சமும் உண்டு. நீரில் புரோமைடு உப்பு மிகுந்திருந்தால், ஓசோன் அதனைப் புற்றுநோய் விளைக்கக்கூடிய புரோமேட்டாக மாற்றிவிடும். ஆதலால், முதலில் நீரைச் சோதிக்கின்றனர். புரோமைடு மிகுந்த ஊர்களில் ஓசோனை விடுத்து, மாசுகளைப் பற்றியிழுக்கும் கரித்தூளைக் கைக்கொள்கின்றனர்.