திரையில் நிரை பிரிப்பவர்

தோட்டத்தில் கொழுந்து பறிக்கத் தொடங்குமுன் நிரை பிரிப்பார்கள். இது உனக்கு, அடுத்தது அவளுக்கு என்று இடம் குறித்த பிறகுதான் வேலை. கணினித் திரையிலும் இதைச் செய்ய ஒரு நிரல் இருக்கிறது. எந்தச் சாளரம் எங்கே, எது மேலே, எது கீழே என்று தீர்மானிப்பதும், ஒவ்வொன்றுக்கும் எல்லையும் தலைப்புப் பட்டையும் வரைவதும் அதன் பொறுப்பு. அதைச் சாளர முகாமையாளர் என்கிறோம்.

2000களின் நடுவில் ஹட்டனில் ஒரு சிறு கணினி வகுப்பில்தான் அதை அறிந்தேன். யாரோ கழித்துத் தந்த ஐந்து பெட்டிகள். நினைவகம் 128 மெகாபைட். சேர் அவற்றில் லினக்ஸும் எஃப்விடபிள்யூஎம் என்ற சாளர முகாமையாளரும் போட்டிருந்தார். அதன் பிறப்பே எங்களுக்காக நடந்ததுபோல் இருக்கும். டாம் லாஸ்ட்ரேஞ்ச் 1987இல் எழுதிய டிடபிள்யூஎம் அதிக நினைவகம் கேட்கிறது என்று ராபர்ட் நேஷன் அதைச் செதுக்கிக் குறைத்தார். 1993இல் எஃப்விடபிள்யூஎம் வந்தது. சாம்பல் நிற விளிம்பு, அழகு கொஞ்சம் குறைவு. ஆனால் சொடுக்கியதும் சாளரம் திறக்கும். மழைக்கு மின்சாரம் போய்த் திரும்பினால், சீக்கிரமே மறுபடி வேலையில் இருப்போம்.

குறை ஒன்று இருந்தது. அது என்னை உறுத்தியது. 'கொழுந்து' என்று பெயரிட்டு ஒரு கட்டுரையைச் சேமித்தேன். தலைப்புப் பட்டையில் வெறும் கட்டங்கள். எழுத்துரு மாற்றினால் எழுத்துகள் வந்தன. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஒரு குறியீட்டுக்கு ஓர் உருவம் என்பதே லினக்ஸ் திரையின் அடித்தளமான எக்ஸ் முறையில் அன்றைய எழுத்துருக்களின் கணக்கு. ககரத்தின் இருபுறமும் உயிர்க்குறி நிற்கும் நம் எழுத்து அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

அந்தக் கணக்கை மாற்றியது பாங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகம். 2002இல் வந்த க்னோம் 2 என்ற லினக்ஸ் திரைமுகப்பு அதைக் கொண்டே எழுத்துகளை வரைந்தது. கண்டியின் ஹந்தானை மலைப் பெயரோடு, ஃபெடோரா லினக்ஸை அடியாகக் கொண்டு இலங்கையிலேயே ஹந்தானா லினக்ஸ் உருவானது. சிங்களமும் தமிழும் அதில் உண்டு. பெருமையாக இருந்தது. எங்கள் பழைய பெட்டிகளுக்கு மட்டும் மூச்சு வாங்கியது. 2011இல் க்னோம் 3 வந்தபோது அதன் முழு முகப்புக்கு முப்பரிமாண வரைகலைத் திறனே வேண்டியிருந்தது. தமிழ் தெரிந்த திரை பாரமானது. எங்கள் பாரமில்லாத திரைக்குத் தமிழ் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ பெட்டிகள் மூலைக்குப் போயின.

இன்று அடித்தளமே மாறுகிறது. எக்ஸ் முறையில் வரைபவர் வேறு, நிரை பிரிப்பவர் வேறு. வேலை நடக்கும்போதே முகாமையாளரை மாற்றலாம். 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் தொடங்கிய வேலண்ட் முறையில் இரண்டும் ஒரே நிரலின் கையில். மாற்றிப் பார்க்கும் அந்தச் சுதந்திரம் குறைந்தது. அதற்கு ஈடாகப் பாதுகாப்பு கூடியது. ஒரு சாளரத்தில் தட்டுவதை இன்னொரு நிரல் ஒட்டுக்கேட்க எக்ஸ் இடம் கொடுத்தது, வேலண்ட் கொடுப்பதில்லை. பலர் மாறி மாறி உட்கார்ந்து அடையாள அட்டை இலக்கமும் கடவுச்சொல்லும் தட்டும் பொதுக் கணினிக்கு இது பெரிய காரியம்.

புதியது என்றால் பாரம்தான் என்ற நிலையும் மாறிவிட்டது. ஓபன்பாக்ஸ் என்ற சாளர முகாமையாளர் சிறியது, பாங்கோவைக் கொண்டு எழுதுவதால் தமிழும் தெரியும். அதன் வழியில் வேலண்டுக்கு எழுதப்பட்டது லேப்டபிள்யூசி. 2024 ஒக்டோபரில் ராஸ்பெர்ரி பை நிறுவனம் தன் சின்னஞ்சிறு கணினிகளுக்கு அதையே தேர்ந்தது.

இது மலையகத்துக்கு ஏன் முக்கியம்? 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத கணினிகளை நகரத்து அலுவலகங்கள் கழித்துக்கட்டும். அவற்றில் சில நம் பாடசாலைகளுக்கும் வந்து சேரும். அவற்றைக் குப்பை என்று ஒதுக்கிவிடக் கூடாது. இலேசான ஒரு சாளர முகாமையாளர் போதும், இன்னும் பல வருடம் ஓடும்.

அண்மையில் அப்படி வந்த 2 கிகாபைட் மடிக்கணினி ஒன்றில் ஓபன்பாக்ஸ் போட்டேன். அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தேன். தலைப்புப் பட்டையில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன: கொழுந்து.