கண்ணாடியில் ஒரு பெயர்

ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில் விளங்கும் சிற்பங்களைக் கண்டு வியவாதார் இலர். அவற்றைச் செதுக்கிய கைகள் யாருடையன என வினவின், நம்மில் பெரும்பாலோர் விடையறியோம். செய்பொருள் நிலைத்து நிற்க, செய்தவன் பெயர் மறைந்துபோதல் உலகில் பெருவழக்கு. இதற்கு மாறாகத் தம் பெயரைப் பொருளிலேயே பொறித்துச் சென்றோரும் உளர். பிரெஞ்சு நாட்டுக் கண்ணாடிக் கலைஞர் அத்தகையோர்.

மணல், சலவைச்சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றைக் கடும் உலையில் உருக்கினால் கண்ணாடிக் குழம்பு உண்டாகும். நான்சி நகரிற் பிறந்த எமீல் காலே (1846–1904) செடிகொடிகளின் இயல்பை நன்கு கற்றவர். அவர் ஒரு நிறக் கண்ணாடியின்மேல் வேறு நிறக் கண்ணாடியைப் போர்த்திப் பூச்சாடிகள் செய்வித்தார். மேற்படலத்தைச் சக்கரத்தாற் செதுக்கியும் திராவகத்தால் அரித்தும் மலரும் தும்பியும் புடைத்துத் தோன்றச் செய்தார். அவற்றினிடையே தம் பெயரையும் அமைத்தார். அவர் மறைந்தபின் சில ஆண்டுகள் அப்பெயரோடு ஒரு விண்மீன் குறி சேர்க்கப்பட்டது. அணிகலன் செய்வதில் தொடங்கிக் கண்ணாடிக் கலைக்கு வந்த ரெனே லாலிக் (1860–1945) என்பாரும் தம் பெயரைப் பொறித்தார். அவர் மறைவுக்குப்பின் அப்பெயரின் முதலெழுத்து விடப்பட்டது. இக்குறிகளைக் கொண்டே சாடிகளின் காலத்தை இன்று கணிக்கின்றனர்.

ஆயினும், காலேயின் தொழிற்கூடத்தில் குழலூதியோரும் செதுக்கியோரும் பலர். அவர்தம் உழைப்பெல்லாம் அவ்வொரு பெயருள் அடங்கிற்று.

நம் தமிழகமும் கண்ணாடித் தொழிலிற் பழம்பெருமை வாய்ந்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்குக் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. உருகிய கண்ணாடியை மெல்லிய நீண்ட குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்புகளை மழுக்கினர். இவ்வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசிய நாடுகளுக்கும் சென்றன.

கடுகனைய மணியிற் பெயரெழுத இடம் ஏது? எனினும், அம்மணியை உருப்பெருக்கியால் நோக்குமின். உள்ளிருக்கும் நுண்குமிழிகள் துளையை ஒட்டி ஒரே திசையில் நீண்டு கிடக்கும். அத்திசையே கைவினைஞன் அன்று கண்ணாடியை இழுத்த திசை. அவன் பெயர் மறைந்தது. கை அசைந்த தடமோ மறையவில்லை.

மாணவர்களே! ஒரு பொருளைக் கையிலெடுக்கும்போது அதன் விலையை மட்டும் கேளாதீர். ‘இதனைச் செய்தார் யார்? எங்ஙனம் செய்தார்?’ என்றும் வினவுங்கள். பெயரறியா உழைப்பாளிக்கு நாம் செய்யும் நன்றி அதுவே.